சுவரில் இருப்பதை விடுங்கள், வாசலில் கிடக்கும் செருப்பைப் பாருங்கள்

கேள்வி: திருச்சியிலிருந்து சிட்னிக்கு வந்து ஏழு மாதம் ஆகிறது. ஹார்ன்ஸ்பியில், பின்பக்கம் காடு தொடங்கும் தெருவில் வாடகைக்கு இருக்கிறோம். போன வாரம் படுக்கையறைத் திரைச்சீலைக்கு மேலே உள்ளங்கை அகலத்துக்கு ஒரு எட்டுக்கால் பூச்சி. அன்று இரவு எல்லோரும் ஹாலில்தான் படுத்தோம். மழை பெய்த மறுநாள் காலையில், வாசலில் கிடந்த கணவரின் ஷூவுக்குப் பக்கத்தில் கறுப்பாக, பளபளவென்று இன்னொன்று. கிட்டே போனதும் முன்கால்களைத் தூக்கிக்கொண்டு நின்றது. செருப்பால் அடித்துவிட்டார். பக்கத்து வீட்டுக்காரர் அதைப் பார்த்து, "இது ஃபனல்வெப், பாட்டிலில் பிடித்திருக்கலாமே" என்கிறார். எங்கள் பையனுக்கு நான்கு வயது. அடுத்த மாதம் அத்தை வருகிறார். அவருக்குச் சர்க்கரை உண்டு, தரையில் படுத்தே பழக்கம். "கடித்தால் மேலே கயிற்றைக் கட்டி, கடிவாயில் சுண்ணாம்பு தடவினால் சரியாகிவிடும்" என்கிறார் அவர். என்னோடு வேலை செய்யும் பெண்ணின் காலில் இரண்டு மாதமாக ஆறாத புண். ஒயிட் டெயில் என்ற சிலந்தியின் கடி என்று பேசிக்கொள்கிறார்கள். வீடு முழுக்க மருந்து அடித்துவிடலாமா? எதைப் பார்த்துப் பயப்பட வேண்டும், எதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்?
(ஹார்ன்ஸ்பி வாசகி)

பதில்:

அன்புள்ள சகோதரி, உங்கள் கடைசி வரியிலிருந்தே தொடங்குகிறேன். திரைச்சீலைக்கு மேலே பார்த்ததற்காக நீங்கள் ஹாலில் படுத்திருக்க வேண்டியதில்லை. ஷூவுக்குப் பக்கத்தில் பார்த்ததற்குத்தான் வீட்டில் சில பழக்கங்களை மாற்ற வேண்டும். சிட்னியில் சிலந்தியின் உருவத்தை வைத்து அடையாளம் சொல்வது, தினமும் பார்த்துப் பழகியவர்களுக்கே சில சமயம் தவறிப்போகும். அது இருக்கும் இடத்தை வைத்து எச்சரிக்கையாக இருப்பதை யாரும் பழகிவிடலாம். உயரமான சுவர், கூரை, ஜன்னல், மரக்கிளை: இங்கே இருப்பவற்றில் உயிருக்கு ஆபத்தானவை அநேகமாக இல்லை. தரை, மண், கல்லிடுக்கு, தரையில் கிடக்கும் துணி, செருப்பு, தொட்டியின் அடிப்பக்கம்: இங்கே கையையும் காலையும் பார்த்துத்தான் வைக்க வேண்டும்.

படுக்கையறையில் வந்தது ஹண்ட்ஸ்மேன். கால்களை விரித்தால் 15 சென்டிமீட்டர் வரை வரும். உடல் தட்டையாக, நண்டு போலக் கால்களைப் பக்கவாட்டில் பரப்பியிருக்கும். பக்கவாட்டிலேயே ஓடவும் ஓடும். வலை பின்னாது, கரப்பானையும் மற்றப் பூச்சிகளையும் துரத்திப் பிடித்துத் தின்னும். இந்தக் குடும்பம் உங்களுக்குப் புதிதல்ல. நம் ஊர்ப் பழைய வீடுகளின் ஸ்டோர் ரூமில், வில்லை போன்ற வெளிர் முட்டைப்பையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு சுவரில் ஓடுமே, அந்தப் பெரிய எட்டுக்கால் பூச்சி இதற்கு நெருங்கிய உறவு. கையில் பிடித்து அழுத்தினால் கடிக்கும். சற்று நேரம் வலிக்கும், லேசாக வீங்கும், அவ்வளவுதான். ஹண்ட்ஸ்மேனால் வரும் உண்மையான ஆபத்து காரில்தான். வெயில் மறைப்பை இறக்கும்போது அது மடியில் விழ, ஓட்டுபவர் பதறி ஸ்டியரிங்கைத் திருப்பிவிடுவார். விழுந்தால் முதலில் வண்டியை ஓரம் கட்ட வேண்டும், பிறகுதான் மற்றது. கணவரிடம் இதை இன்றே சொல்லிவையுங்கள்.

வெளியேற்ற வேண்டுமென்றால், அகலமான வாயுள்ள ஒரு டப்பாவை மேலிருந்து மெதுவாகக் கவிழ்த்து, சுவருக்கும் டப்பாவுக்கும் நடுவே ஒரு அட்டையைச் செருகி, வெளியே மரத்தடியில் விட்டுவிடலாம். துடைப்பத்தால் தட்டிவிடாதீர்கள். அது மின்னல் வேகத்தில் ஓடும், பிறகு எங்கே போனது என்று தெரியாமல்தான் தூக்கம் கெடும்.

தோட்டத்தில் இரவில் முகத்தில் ஒட்டும் வட்டவலையின் சொந்தக்காரர்கள், பொன்னிற நூல் வலைக்காரர்கள், கால்களை இரண்டிரண்டாகச் சேர்த்துப் பெருக்கல் குறி போல உட்கார்ந்திருக்கும் செயின்ட் ஆண்ட்ரூஸ் கிராஸ் சிலந்தி, ஜன்னல் கண்ணாடியில் தாவும் குட்டிச் சிலந்தி ஆகிய எல்லாவற்றையும் நிம்மதியாக விட்டுவிடலாம். ஜன்னல் சட்டத்தின் மூலையில் கம்பளி போல அழுக்கு வலை கட்டும் கறுப்பு வீட்டுச்சிலந்தி கடித்தால் நல்ல வலியும் சிலருக்குக் குமட்டலும் வரும். ஆனால் அது வலையை விட்டு வருவது அபூர்வம்.

இனி உங்கள் வாசலுக்கு வருவோம்.

அடித்துப் போட்டதைப் பார்க்காமல் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனாலும் ஹார்ன்ஸ்பி, மழைக்கு மறுநாள், பளபளக்கும் கறுப்பு, முன்கால் தூக்கி நின்றது என்ற நான்கையும் சேர்த்துப் பார்த்தால் உங்கள் பக்கத்து வீட்டுக்காரர் சொன்னதை நம்புவதே சரி. புனல் போன்ற வாயுள்ள பட்டு வளையில் வாழ்வதால் ஃபனல்வெப் என்று பெயர். ஈரமான கல்லுக்கடியிலும் மரவேரடியிலும் மண்ணில் வளை தோண்டி, வாயிலைச் சுற்றிச் சில இழைகளை இழுத்துக் கட்டிவிட்டு உள்ளே காத்திருக்கும். பெண் சிலந்தி அந்த வளையிலேயே வருடக்கணக்கில் இருந்துவிடும். ஆண் முதிர்ந்ததும் பெண்ணைத் தேடி இரவில் புறப்படுகிறது. நவம்பர் தொடங்கி ஏப்ரல் வரை, முக்கியமாக மழை பெய்த நாட்களில், தோட்டத்திலும் வாசற்படியிலும் கதவிடுக்கிலும் தென்படுவது இந்த ஆண்தான். விடிந்ததும் வெயிலுக்கும் வறட்சிக்கும் பயந்து இருட்டான, ஈரமான இடம் தேடும். நீங்கள் வாசலில் கழற்றிவிட்ட ஷூ அதற்கு ஆயத்தமாகத் தோண்டிவைத்த வளை போல.

அந்த ஆணின் நஞ்சு பெண்ணினுடையதைவிடப் பல மடங்கு கடுமையானது. நரம்பில் ஒரு செய்தி ஓடி முடிந்ததும் அதன் கதவு சாத்திக்கொள்ள வேண்டும். இந்த நஞ்சு அதைச் சாத்தவிடாது. நரம்புகள் ஓயாமல் துடித்துக்கொண்டே இருக்கும். நாய்க்கும் பூனைக்கும் இதைத் தாங்கும் தன்மை ஓரளவு உண்டு. மனிதர்களுக்கும் குரங்கினத்துக்கும் இல்லை. ஆகவே "பக்கத்து வீட்டு நாயைக் கடித்தது, ஒன்றும் ஆகவில்லை" என்று யாராவது சொன்னால் அதை வைத்து முடிவெடுக்காதீர்கள்.

1927 முதல் 1981 வரை இந்தச் சிலந்தியால் பதிவான இறப்புகள் 13. 1981ல் விஷமுறிவு மருந்து வந்தது. அதன் பிறகு இந்தக் கடியால் ஒருவர்கூட இறந்ததாகப் பதிவில்லை. கடித்த எல்லோருக்கும் கடுமையாக நஞ்சேறுவதும் இல்லை. சிட்னி வகையில் ஏறத்தாழ ஆறு கடிக்கு ஒன்றில்தான் அப்படி ஆகிறது. ஆனால் அந்த ஒன்று எது என்பது கடித்த நேரத்தில் யாருக்கும் தெரியாது. அதனால் ஆறுக்கும் ஒரே முதலுதவிதான். 2017ல் நியூ சவுத் வேல்ஸில் பத்து வயதுச் சிறுவன் ஒருவனைக் கடித்தபோது, பிழைக்கவைக்க 12 குப்பி மருந்து தேவைப்பட்டது. சிலந்தி இருந்தது ஒரு ஷூவுக்குள். இதைச் சொல்வது உங்களைக் கலங்கவைக்க அல்ல. சரியான நேரத்தில் கட்டுப் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால் அவ்வளவு நஞ்சு ஏறிய குழந்தையையும் காப்பாற்ற முடிகிறது என்பதற்காக.

அந்தக் கட்டை நீங்களும் கணவரும் இந்த வாரமே பழக வேண்டும். படித்துத் தெரிந்துகொண்டால் போதாது, ஒருவர் காலில் மற்றவர் நான்கைந்து முறை சுற்றிப் பார்க்க வேண்டும்.

மருந்துக்கடையில் 10 முதல் 15 சென்டிமீட்டர் அகலமுள்ள, நன்றாக இழுபடும் கனமான எலாஸ்டிக் பேண்டேஜ் கிடைக்கும். பாம்புக்கடிக்கென்றே கட்டம் அச்சிட்ட பேண்டேஜும் உண்டு. சரியான இறுக்கத்துக்கு இழுத்ததும் செவ்வகமாகத் தெரியும் கட்டம் சதுரமாகிவிடும், புதிதாகப் பழகுபவர்களுக்கு அது நல்லது. மெல்லிய க்ரீப் பேண்டேஜ் தளர்ந்துவிடும், வேண்டாம். பெரியவர் கால் ஒன்றுக்கு இரண்டு வேண்டும். வீட்டில் மூன்று, காரில் இரண்டு வைத்திருங்கள்.

கடித்ததும் கடிபட்டவர் அந்த இடத்திலேயே உட்காரவோ படுக்கவோ வேண்டும். நடக்கக் கூடாது, மாடிப்படி இறங்கக் கூடாது. ஒருவர் கட்டத் தொடங்கும்போதே மற்றவர் 000 என்ற அவசர உதவி எண்ணை அழைக்க வேண்டும். முதல் பேண்டேஜைக் கடிவாயின் மேலேயே நேராகச் சுற்றுங்கள். இரண்டாவதை விரல்களுக்குச் சற்று மேலிருந்து தொடங்கி, ஒரு சுற்றின் பாதியை அடுத்த சுற்று மூடும்படி, கை என்றால் அக்குள் வரை, கால் என்றால் தொடை இடுக்கு வரை ஏற்றுங்கள். விரல் நுனிகள் வெளியே தெரியட்டும். நிறம் மாறுகிறதா என்று பார்க்க வேண்டும். சுளுக்கிய கணுக்காலுக்குக் கட்டும் இறுக்கம் போதும்: துணிக்கும் தோலுக்கும் நடுவே விரலை எளிதில் நுழைக்க முடியக் கூடாது, அதே சமயம் நுனி நீலம் பாரிக்கவும் கூடாது. பேன்ட்டைக் கழற்றாதீர்கள், கழற்றும் அசைவே கெடுதல், மேலேயே சுற்றலாம். கடைசியாக ஒரு கட்டையையோ சுருட்டிய செய்தித்தாளையோ தப்பை மாதிரி வைத்து, மூட்டு மடங்காதபடி கட்டுங்கள். கடிவாய் இருக்கும் இடத்தைப் பேண்டேஜின் மேலே பேனாவால் வட்டமிட்டு, கடித்த நேரத்தையும் எழுதுங்கள். கழுத்திலோ வயிற்றிலோ கடித்திருந்தால் சுற்ற முடியாது. மூச்சுக்குத் தடையில்லாமல் கடிவாயைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டிருங்கள்.

இங்கேதான் உங்கள் அத்தை சொன்ன கயிறு. பாம்புக்கடிக்கு மேலே இறுகக் கட்டும் வழக்கத்தைப் பார்த்து வளர்ந்தவர், அன்பால்தான் சொல்கிறார். ஆனால் கயிறு ரத்த ஓட்டத்தையே நிறுத்துகிறது. கட்டிய பகுதிக்குக் கீழே தசை சாகத் தொடங்கும், அவிழ்க்கும்போது தேங்கிய நஞ்சு மொத்தமாக மேலேறும். இந்த நஞ்சு முதலில் பரவுவது ரத்தக்குழாய் வழியாக அல்ல, தோலுக்கடியில் ஓடும் நிணநீர்க் குழாய்கள் வழியாக. அவற்றில் அழுத்தம் மிகக் குறைவு. தசை அசைந்தால்தான் உள்ளிருப்பது நகரும். அதனால்தான் அகலமான பேண்டேஜின் மிதமான அழுத்தமும் அசையாமல் இருப்பதும் சேர்ந்து நஞ்சை அங்கேயே நிறுத்திவைக்கின்றன, ரத்தமோ தடையின்றி ஓடிக்கொண்டிருக்கிறது. மெல்பர்னில் ஸ்ட்ரூவன் சதர்லேண்ட் என்ற மருத்துவர் 1970களின் இறுதியில் வகுத்த முறை இது. ஃபனல்வெப் விஷமுறிவு மருந்தை உருவாக்கிய குழுவுக்குத் தலைமை ஏற்றவரும் அவர்தான். சுண்ணாம்பு கடிவாயைப் பொசுக்கும். உள்ளே போன நஞ்சை அது தொடுவதில்லை. கீறுவது, உறிஞ்சுவது இரண்டும் வேண்டாம். அத்தையிடம் வாதாடுவதைவிட, பேண்டேஜைக் கொடுத்துப் பேரன் காலில் சுற்றிப் பழகச் சொல்லுங்கள். கை அதைக் கற்றுக்கொண்டால் கயிறு மறந்துபோகும்.

நஞ்சு ஏறினால் பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் தெரியும். கடிவாயில் நல்ல வலி, வாயைச் சுற்றிச் சுருசுருப்பு, நாக்குத் துடிப்பு, திடீரென்று கொட்டும் வியர்வை, எச்சில், கண்ணீர், மயிர்க்கூச்செறிவு, வாந்தி, நெஞ்சுப் படபடப்பு, பிறகு மூச்சுத் திணறல். குழந்தைக்கு எல்லாம் இன்னும் வேகமாக நடக்கும். ஒன்றுமே தெரியாவிட்டாலும் கட்டை வீட்டில் அவிழ்க்காதீர்கள். ஆஸ்பத்திரியில் விஷமுறிவு மருந்தைக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துக்கொண்டுதான் அவிழ்ப்பார்கள். அவிழ்த்து நான்கு மணி நேரம் எந்த அறிகுறியும் வராவிட்டால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். சிலந்தி அகப்பட்டால் கொண்டுபோகலாம், இல்லையென்றால் ஒரு போட்டோ போதும். அதைத் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். மருத்துவர் அறிகுறியைப் பார்த்துத்தான் மருந்து கொடுக்கிறார்.

ஒரு வார்த்தை மவுஸ் ஸ்பைடர் பற்றி. இதுவும் கறுப்பு, குட்டையான பருத்த உடல். ஒரு வகையில் ஆணின் தலை சிவப்பாக இருக்கும். ஃபனல்வெப்பைப் போலன்றிப் பகலிலும் நடமாடும். இரண்டையும் பிரித்தறிய முயல வேண்டாம். பெரிய கறுப்புச் சிலந்தி கடித்தால் ஃபனல்வெப் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அதே கட்டு, ஃபனல்வெப்பின் விஷமுறிவு மருந்து இதற்கும் வேலை செய்யும்.

ரெட்பேக் என்ற இன்னொரு சிலந்தி விஷயத்தில்தான் பலர் குழம்புகிறார்கள், ஏனென்றால் இதற்கு முதலுதவி நேர் எதிர். கட்டுப் போடக் கூடாது. ரெட்பேக்கின் நஞ்சு மெதுவாக வேலை செய்யும், உயிருக்கு உடனடி ஆபத்து இல்லை. அழுத்திக் கட்டினால் வலிதான் பன்மடங்காகும். கடிவாயைச் சோப்புப் போட்டுக் கழுவி, துணியில் சுற்றிய ஐஸை ஒரு தடவைக்கு 20 நிமிடம் வைக்க வேண்டும். பாராசிட்டமால் கொடுக்கலாம், குழந்தைக்கு எடையில் ஒரு கிலோவுக்கு 15 மில்லிகிராம், நான்கு முதல் ஆறு மணி நேர இடைவெளியில், ஒரு நாளைக்கு நான்கு தடவைக்கு மேல் வேண்டாம்.

அடையாளம் எளிது. பெண் சிலந்தியின் உடல் ஒரு சென்டிமீட்டர்தான், கறுப்புப் பட்டாணி போல உருண்ட வயிறு, அதன் முதுகில் சிவப்புப் பட்டை. ஆண் மூன்று நான்கு மில்லிமீட்டர்தான், அதைக் கண்டுகொள்ள வேண்டியதில்லை. வலை ஒழுங்கில்லாத சிக்கல். அதிலிருந்து பசையுள்ள இழைகள் நேராகத் தரைக்கு இறங்கியிருக்கும். இருக்குமிடங்கள் எல்லாம் கையெட்டும் உயரத்தில், மழைபடாத மறைவுகள்: தோட்ட நாற்காலியின் அடிப்பக்கம், தபால்பெட்டி, மீட்டர்பெட்டி, குழந்தை வெளியே விட்டுவிட்ட மூன்று சக்கர சைக்கிளின் இருக்கைக்குக் கீழே, தொட்டியின் விளிம்புக்கு உள்பக்கம். கறிவேப்பிலையும் முருங்கையும் தொட்டியில் வளர்ப்பீர்கள் என்று நினைக்கிறேன். குளிருக்கு அந்தத் தொட்டிகளை உள்ளே நகர்த்தும்போது விளிம்புக்கடியில் வெறும் விரலைக் கொடுத்துத் தூக்குவதுதான் இந்தக் கடிக்கு நேர்வழி. கையுறை போடுங்கள், தூக்குமுன் ஒரு குச்சியால் விளிம்பைச் சுற்றி இழுத்துவிடுங்கள்.

ரெட்பேக் கடித்ததும் குண்டூசி குத்தியது போலத்தான் இருக்கும், சில சமயம் தெரியாமலே போகும். ஒரு மணி நேரத்துக்குள் வலி வளர்ந்து கைகால் வழியே மேலேறும். கடித்த இடத்தைச் சுற்றி வியர்க்கும். இந்த உள்ளூர் வியர்வைதான் ரெட்பேக்கின் கையெழுத்து. குமட்டல், தலைவலி, உடல்வலி ஒன்றிரண்டு நாள், சிலருக்கு நான்கு நாள் வரை நீடிக்கும். நான்கு வயதுக் குழந்தைக்கு "கடித்தது" என்று சொல்லத் தெரியாமல் போகலாம். காரணமில்லாமல் விடாமல் அழுது, ஒரு காலை ஊன்ற மறுத்து, அந்தக் காலில் மட்டும் வியர்த்திருந்தால், உடையையும் செருப்பையும் கழற்றி உதறிப் பார்த்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். பெரியவர்களும் பாராசிட்டமாலுக்கு அடங்காத வலி, பரவும் வலி, வாந்தி என்றால் போக வேண்டும். ரெட்பேக்குக்கு 1956லிருந்தே விஷமுறிவு மருந்து இருக்கிறது. ஆனால் 224 நோயாளிகளை வைத்துச் செய்து 2014ல் வெளியான ஆய்வில், வழக்கமான வலிமருந்தோடு அதைச் சேர்த்துக் கொடுத்ததால் பெரிய வித்தியாசம் எதுவும் தெரியவில்லை. ஆகவே "மருந்து இருந்தும் எனக்குப் போடவில்லையே" என்று மனம் நோக வேண்டாம். வலியைச் சரியாக அடக்குவதுதான் இதற்குச் சிகிச்சை.

எது கடித்தது என்று தெரியாத, உயிருக்கு அவசரமில்லாத எந்தச் சந்தேகத்துக்கும் 13 11 26 என்ற நச்சுத் தகவல் எண்ணை எந்நேரமும் அழைக்கலாம். அத்தை தனியாக இருக்கும்போது ஏதாவது நடந்தால் 000 அழைத்து, ஆம்புலன்ஸ் என்றும் தமிழ் என்றும் சொன்னால் மொழிபெயர்ப்பாளரைச் சேர்த்துக்கொள்வார்கள். அந்த இரண்டு சொல்லையும் வீட்டு முகவரியையும் பெரிய எழுத்தில் எழுதி ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டுங்கள். இன்னொன்று, ஆம்புலன்ஸ் செலவு மெடிகேர் என்ற அரசு மருத்துவக் காப்பீட்டில் சேராது. அவருக்கு எடுக்கும் விசிட்டர் இன்ஷூரன்ஸில் ஆம்புலன்ஸ் உண்டா என்று இப்போதே கேட்டு உறுதி செய்யுங்கள். செலவை நினைத்துக் கூப்பிடத் தயங்கும் நிலை அவருக்கு வரக் கூடாது.

ஒயிட் டெயிலுக்கு வருகிறேன். உங்கள் தோழியின் புண்ணைப் பற்றிக் கொஞ்சம் அழுத்தமாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. தமிழில் சிலந்தி என்ற சொல்லுக்கே பூச்சி என்றும் புண், கட்டி என்றும் இரண்டு பொருள். நரம்புச் சிலந்தி என்று நம் முன்னோர் சொன்னது சிலந்தியே அல்ல, குடிநீர் வழியே உடலுக்குள் போய்க் காலில் புண்ணாக வெளிவரும் கினிப் புழு. அந்த நோய் இந்தியாவிலிருந்து ஒழிந்ததாக 2000ல் சான்று கிடைத்தது. ஆறாத புண்ணைப் பார்த்ததும் சிலந்தியின் மேல் பழி போடுவது ஆஸ்திரேலியாவிலும் நீண்ட நாள் நடந்தது. பிறகு, கடித்த சிலந்தியைக் கையோடு பிடித்து இனம் உறுதிசெய்த 130 ஒயிட் டெயில் கடிகளைத் தொடர்ந்து கவனித்தார்கள். 2003ல் வெளியான அந்த ஆய்வில் ஒருவருக்குக்கூடத் தசை அழுகும் புண் வரவில்லை. வலி, சிவப்பு, சில நாள் அரிப்பு, அவ்வளவுதான்.

அப்படியானால் அவர் காலில் இருப்பது என்ன? பாக்டீரியாத் தொற்றாக இருக்கலாம், ரத்தக்குழாய்க் கோளாறாக இருக்கலாம், சர்க்கரைப் புண்ணாக இருக்கலாம். விக்டோரியா மாநிலக் கடலோரங்களில் புருலி என்ற தொற்றும் உண்டு. ஒவ்வொன்றுக்கும் சிகிச்சை வேறு. சிலந்திக் கடி என்று முத்திரை குத்திவிட்டால் இவற்றில் எதையும் யாரும் தேடமாட்டார்கள், இழப்பு அங்கேதான். இரண்டு மாதம் ஆகிவிட்டது. புண்ணிலிருந்து மாதிரி எடுத்துப் பரிசோதிக்கச் சொல்லி இந்த வாரமே ஜிபியிடம் (குடும்ப மருத்துவரிடம்) அவர் கேட்கட்டும். உங்கள் அத்தைக்கும் இதுவே பொருந்தும். சர்க்கரை உள்ளவர் காலில் எந்தச் சிறு கடி, கீறல் வந்தாலும், கடித்தது எது என்ற ஆராய்ச்சியைவிட அது ஆறுகிறதா என்று தினமும் பார்ப்பது முக்கியம்.

அவர் தரையில் படுப்பதை மாற்றத் தேவையில்லையே என்று நீங்கள் நினைக்கலாம். மாற்றச் சொல்வேன், இந்த வீட்டில் மட்டும். ஒயிட் டெயில் இரவில் மற்றச் சிலந்திகளை வேட்டையாடித் திரிந்துவிட்டுத் துணிமடிப்புக்குள் ஒதுங்கும்; வழி தவறி உள்ளே வரும் ஃபனல்வெப்பும் தரையோடுதான் போகும். கட்டில் போதும், பெரிய ஏற்பாடு வேண்டாம். போர்வை தரையில் புரளாமல் செருகிவிட்டால் சரி. பாயில்தான் தூக்கம் வரும் என்றால் பாயைக் கட்டிலின் மேலே விரித்துக் கொடுங்கள். குழந்தைக்கும் கட்டில். தரையில் ஈரத்துணி, டவல் எதையும் குவித்துவைக்காதீர்கள்.

செருப்பைத்தான் முதலில் மாற்ற வேண்டும். வெளியே கழற்றிவிட்டு உள்ளே வருவது நம் வழக்கம், அதை விட வேண்டாம். ஆனால் இரவில் வாசற்படியில் விடாதீர்கள். கதவுக்கு உள்பக்கம் இறுக மூடும் பிளாஸ்டிக் பெட்டி ஒன்றில் போட்டுவையுங்கள். வெளியே கிடந்தது எதுவானாலும் போடுமுன் கவிழ்த்து, குதிகாலைத் தரையில் ஓங்கித் தட்டுங்கள். உள்ளே விரலை விட்டுப் பார்ப்பது சோதனை அல்ல. ஷூவை மறந்துவிட்டு ரப்பர் செருப்போடு தோட்டத்தில் இறங்கினாலும் அதே ஆபத்துதான். மண்ணைக் கிளறும்போது மூடிய காலணியும் தடித்த கையுறையும் வேண்டும். கதவுக்கடியில் விரல் நுழையும் இடைவெளி இருந்தால் ரப்பர் பட்டை ஒட்டுங்கள். துளையிட வேண்டியிருந்தால் மட்டும் வீட்டுக்காரரிடம் முதலில் கேளுங்கள்.

வீடு முழுக்க மருந்து அடிப்பதற்கு என் பதில், வேண்டாம். வெளிச்சுவரில் அடிப்பது மண்ணுக்குள் வளையில் இருப்பதைச் சென்றடைவதில்லை. அடிபட்ட ஹண்ட்ஸ்மேன் உடனே சாகாமல் தாறுமாறாக ஓடும். உருண்டு விளையாடும் குழந்தையும் தரையில் உட்காரும் அத்தையும் உள்ள வீட்டில் தரையெல்லாம் பூச்சிமருந்து இருப்பது நல்லதல்ல. அந்தப் பணத்தில் கதவுப் பட்டையும் பேண்டேஜும் கையுறையும் வாங்கி மீதியும் இருக்கும். வெளியே ரெட்பேக் தொடர்ந்து வரும் இடம் இருந்தால், நீண்ட குச்சியில் வலையைச் சுருட்டி, பட்டாணி அளவு உருண்டையாகத் தொங்கும் முட்டைப்பையோடு அகற்றிவிடுங்கள். முட்டைப்பையை விட்டுவிட்டால் வேலை பாதிதான் முடிந்தது.

ஆஸ்திரேலியாவில், பிடித்து இனம் உறுதிசெய்த 750 சிலந்திக் கடிகளைப் பற்றிய ஓர் ஆய்வு 2002ல் வந்தது. குறிப்பிடத்தக்க பாதிப்பு ஏற்பட்டது அதில் 6 சதவீதம்தான். அதிலும் பெரும்பகுதி ரெட்பேக். ஹாலில் படுத்த அந்த இரவை நினைக்கும்போது இந்த எண்ணையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, பாட்டிலில் பிடித்திருக்கலாமே என்று பக்கத்து வீட்டுக்காரர் சொன்னது. அவர் உங்களைக் குறைசொல்லவில்லை, ஒரு பெரிய தேவையைச் சொல்கிறார். சிட்னிக்கு வடக்கே சோமர்ஸ்பியில் இருக்கும் ஆஸ்திரேலியன் ரெப்டைல் பார்க்கில், பொதுமக்கள் பிடித்துக் கொடுக்கும் ஆண் ஃபனல்வெப்புகளின் பல்லிலிருந்து கண்ணாடிக் குழாயால் நஞ்சைத் துளித்துளியாக உறிஞ்சி எடுக்கிறார்கள். அது மெல்பர்னுக்குப் போகிறது. அதைச் சிறிது சிறிதாகக் கூட்டி முயல்களுக்குச் செலுத்தி, அவற்றின் ரத்தத்தில் உருவாகும் எதிர்ப்பொருளிலிருந்துதான் மருந்து தயாராகிறது. 2025ல் இந்த இனத்தை மூன்றாகப் பிரித்தார்கள், நியூகாஸில் பக்கத்துப் பெரிய வகை தனிப் பெயர் பெற்றது. மூன்றுக்கும் இதே மருந்துதான்.

மனம் துணிந்தால் மட்டும், குழந்தையை உள்ளே அனுப்பிவிட்டு, மூடிய காலணியோடு செய்யலாம். அகன்ற வாயுள்ள கண்ணாடி ஜாடியைச் சிலந்திக்கு முன்னால் படுக்கவைத்து, நீளமான ஒரு குச்சியால் பின்னாலிருந்து மெதுவாக உள்ளே தள்ளி, ஜாடியை நிமிர்த்தி மூடுங்கள். ஃபனல்வெப்பால் வழுவழுப்பான கண்ணாடியில் ஏற முடியாது, மேலே தாவவும் முடியாது. மூடியில் முன்கூட்டியே சிறு துளைகள் போட்டுவையுங்கள். உள்ளே கொஞ்சம் ஈரமண்ணோ நனைத்த பஞ்சோ வேண்டும், இல்லாவிட்டால் காய்ந்து செத்துவிடும். நீச்சல்குளத்தில் அடியில் கிடந்தாலும் இதே கவனம் தேவை. உடம்பில் ஒட்டிய காற்றுக் குமிழியோடு ஒரு நாளுக்கு மேலும் உயிரோடு இருக்கும், செத்ததென்று கையால் எடுக்கக் கூடாது. பிடித்த தேதியையும் இடத்தையும் எழுதி ஜாடியில் ஒட்டி, நிழலான இடத்தில் வைத்துவிட்டுப் பார்க்குக்குப் போன் செய்தால், உங்களுக்கு அருகில் எங்கே கொடுப்பது என்று சொல்வார்கள். வெயிலில் நிறுத்திய காரில் ஜாடியை விட்டுவிடாதீர்கள்.